காவிரிக் கடைமடையில் அடி நோவா நடைநெறி

காரைக்கால் என்னும் பெயரைக் கேட்ட அளவில் தமிழர் நினைவில் எழுவது ஒரு நடை. கயிலை மலையைக் காலால் மிதித்தல் தகாது என அஞ்சிய அம்மையார் தலையால் நடந்து ஏறினார் என்று 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடினார். அது சைவ மரபின் வரலாறு. எனினும், கால் எதன்மேல் படுகின்றது என்பதை எண்ணிய பின்னரே அடியெடுத்து வைக்கவேண்டும் என்னும் உணர்வு, காவிரி கடலொடு கலக்கும் இக்கடைமடைப் பகுதிக்குப் பொதுவாக அமைந்தது. அவ்வுணர்வை நாள்தோறும் கடைப்பிடிக்கும் நெறியாகவே கொண்டு வாழ்ந்தவர்கள் சமணத் துறவியர். காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடியைக் கடந்து, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பூம்புகார். அந்நகரின் புறத்தே தவம் செய்திருந்த கவுந்தி அடிகளின் நடை, அந்நெறியைத் தமிழ் இலக்கியத்தில் நிலைபெறச் செய்தது.

நெடுவழி நடப்போருக்கு அடி நோவதும், கொப்புளம் எழுவதும், குதிகால் வெடிப்பதும் இயல்பு. அந்நோவு வாராமல் காக்க முன்னோர் கைக்கொண்ட வழிகளை ஆராய்ந்தால், அவற்றுட் பல உயிர்க்கொலை தவிர்க்கும் பொருட்டு ஏற்பட்ட விதிகளாகவே இருக்கக் காணலாம். பிற உயிரைக் காத்த விதி நடப்பவரின் அடியையும் காத்தது. அவ்விதி நிறைவேறுவதற்கு, இல்லறத்தார் வழியில் அமைத்துக் கொடுத்த தங்கலிடம் இன்றியமையாததாக இருந்தது. இவ்விரண்டையும் சான்றுகளுடன் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

முப்பது காதம்

கோவலனும் கண்ணகியும் வைகறைப் பொழுதில் புகார் நகரை விட்டுப் புறப்பட்டனர். அருகன் அறம் உரைக்கும் சாரணர் வந்து தங்கும் சிலாவட்டத்தை வலங்கொண்டு தொழுது, நகர வாயிலைக் கடந்து, காவிரியின் வடகரை வழியே மேற்கு நோக்கி நடந்தனர். ஒரு காவதத் தொலைவு சென்ற அளவிலேயே கண்ணகி களைத்தாள். மதுரை மூதூர் எங்குள்ளது என்று கணவனை வினவினாள். முப்பது காதத்தில் உள்ளது, அண்மையில்தான் என்று துயரத்தை மறைத்து நகையுடன் கூறினான் கோவலன். மாடத்தை விட்டு இறங்கி அறியாத ஒரு பெண்ணின் முதல் நாள் நடையை இளங்கோவடிகள் இவ்வாறு தொடங்குகின்றார்.

இன்றைய சாலைக் கணக்கில் பூம்புகாரிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி வழியாக மதுரைக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ஆகும். காதம் என்னும் அளவு காலந்தோறும் இடந்தோறும் வேறுபட்டது. ஆயினும் காப்பியம் கூறும் முப்பதால் இத்தொலைவை வகுத்தால், காதம் ஒன்றுக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவில் வருகின்றது. இக்கணக்கு துல்லியமானதன்று, எனினும் பின்வரும் செய்தியைப் புரிந்துகொள்ள உதவும்.

கவுந்தி அடிகள் உடன்வர இசைந்த பின்னர் அம்மூவரும் எவ்வாறு நடந்தனர் என்பதை நாடுகாண் காதை தெளிவாகக் கூறுகின்றது. ஒருநாளில் ஒரு காவதத்திற்கு மேல் அவர்கள் கடக்கவில்லை. நடந்த நாட்களைவிடத் தங்கிய நாட்களே மிகுதி. பத்துக் கிலோமீட்டர் என்பது பழகிய கால்களுக்கு இரண்டரை அல்லது மூன்று மணி நேர நடை. காலையில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். பழகாத கால்களை உடைய பெண்ணை உடன் அழைத்துச் சென்ற துறவி வகுத்த நாளளவு இது. அரங்கம் சென்று ஆற்றைக் கடந்து உறையூர் சேரும் வரையில், கண்ணகியின் கால் நோவால் பயணம் தடைப்பட்டதாகக் காப்பியத்தில் குறிப்பு இல்லை.

கவுந்தி அடிகளின் எச்சரிக்கை

கோவலன் தன் கருத்தைக் கூறியபோது கவுந்தி அடிகள் முதலில் எண்ணியது கண்ணகியின் பாதங்களையே. இம்மெல்லடிகள் பருக்கைக் கற்கள் நிறைந்த காட்டுவழியைத் தாங்கா என்று கூறினார். தடுக்கவியலாது என்பதை உணர்ந்த பின்னர், தாமும் மதுரையில் உள்ள அறவோரிடம் அறவுரை கேட்க விரும்புவதாகச் சொல்லி உடன் புறப்பட்டார். கடிஞை என்னும் பிச்சைக்கலம், தோளில் இட்ட துணி, கையில் மயிற்பீலி ஆகிய மூன்றுமே அவர் கொண்ட பொருள்கள். நெடுவழிச் சுமை இத்துணையே.

புறப்படும்போது அவர் வழியின் இடர்களை வரிசையாக எடுத்துரைக்கின்றார். வெயிலுக்கு அஞ்சிச் சோலைவழி சென்றால், கிழங்கு அகழ்ந்த குழிகளைச் சண்பகப் பூக்கள் உதிர்ந்து மூடியிருக்கும். பாராது கால் வைப்பவர் அதில் விழுவர். உதிர்ந்த பூக்களை மிதிக்காமல் ஒதுங்கி நடப்பவர்மீது, தாழத் தொங்கும் முதிர்ந்த பலாப்பழம் முட்டும். மஞ்சளும் இஞ்சியும் பின்னிக் கிடக்கும் பாத்திகளில் பலாக்கொட்டைகள் பரல்போல் கிடந்து பாதத்தை உறுத்தும். இவை நடப்பவருக்கு வரும் இடர்கள்.

வயல்வழி சென்றால் இடர் வேறு. நீர்நாய் கவ்விய வாளைமீன் துள்ளிப் பாய்ந்து கண்ணகியைத் திடுக்கிடச் செய்யும். கரும்பில் கட்டிய தேனடை சிதைந்து பொய்கை நீரில் கலந்திருக்கும். வேட்கை மிகுந்த நிலையில் அறியாது அந்நீரை அள்ளிப் பருகவும் கூடும். களை பறிப்போர் வரப்பில் இட்ட குவளைப் பூக்களில் வண்டுகள் மயங்கிக் கிடக்கும். வழிநடை வருத்தத்தால் தளர்ந்தவர் அறியாது அவற்றின்மேல் அடிவைக்க நேரலாம். நீர்க்கரை வழியிலோ நண்டும் நத்தையும் காலில் மிதிபட்டு நோவுறலாம். அதனால் வரும் துன்பம் தாங்கவொண்ணாதது என்கின்றார். இவை நடப்பவரால் பிற உயிர்க்கு வரும் இடர்கள்.

இரு வகை இடரையும் ஒரே மூச்சில், ஒரே வரிசையில் வைத்துக் கூறியது கருதத்தக்கது. பலாக்கொட்டையைக் காணத் தவறும் கண், நத்தையையும் காணத் தவறும். குழியைப் பார்த்து ஒதுங்கும் கால், வண்டையும் விட்டு ஒதுங்கும். வயலும் சோலையும் அன்றி வேறு வழி இல்லாத மருத நிலத்தில், இடங்களை அறிந்து காத்து நடத்தல் ஒன்றே அவர் கூறிய தீர்வு. காரைக்கால் வட்டாரத்து வரப்புகளில் இன்றும் நண்டு வளைகளையும் நத்தைகளையும் காண்போர், கவுந்தி அடிகள் எந்த நிலத்தை மனத்தில் கொண்டு பேசினார் என்பதை எளிதில் உணர்வர்.

நான்கு முழப் பார்வை

கவுந்தி அடிகளின் சொற்களுக்கு ஆகமத்தில் அடிப்படை உண்டு. துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈர்யா சமிதி. வட்டகேரர் இயற்றிய மூலாசாரம் உள்ளிட்ட நூல்கள் இதனை விளக்குகின்றன. பகலொளியில் நடத்தல், நுகத்தடி அளவாகிய நான்கு முழம் முன்னே நோக்கி நடத்தல், மக்களும் மாடுகளும் வண்டிகளும் சென்று பழகிய வழியில் நடத்தல், தக்க காரணம் இருந்தால் மட்டுமே நடத்தல் என்பன இதன் கூறுகள். பேசிக்கொண்டும், அங்குமிங்கும் வேடிக்கை பார்த்துக்கொண்டும் விரைந்து நடப்பது இதற்கு மாறாகும்.

இவ்விதிகளின் நோக்கம் அகிம்சை. பயன் இரண்டு. பலர் நடந்த வழியில் நெருஞ்சியும் கருவேல முள்ளும் குறைவு. மண் இறுகி ஒரே சீராக இருக்கும். பகலில் நடப்பவர் பாம்பையும் பள்ளத்தையும் காண்பர். நான்கு முழம் முன்னே நோக்குபவரின் தலை சற்றே தாழ்ந்து, அடி சிறிதாகி, நடை நிதானப்படும். நீண்ட அடி வைத்து விரைந்து நடக்கும்போது குதிகால் தரையில் ஓங்கி விழும். சிற்றடி வைத்து நடக்கும்போது பாதம் மெல்லப் படியும்.

கொப்புளம் எழும் முறையை அறிந்தால் இது மேலும் விளங்கும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் உராய்வு நிகழும்போது, தோலின் மேலடுக்குகள் ஒன்றினின்று ஒன்று பிரிந்து இடையில் நீர் கோக்கின்றது. வியர்வையாலும் சேற்றாலும் நனைந்த தோலில் உராய்வு மிகும். நடையின் வேகம், தொலைவு, வெப்பம், ஈரம் ஆகிய நான்கையும் குறைப்பதே கொப்புளத்தைத் தடுக்கும் வழி. ஈர்யா சமிதி வேகத்தைக் குறைத்தது. காவத அளவு தொலைவைக் குறைத்தது. எஞ்சிய இரண்டையும் குறைத்த ஏற்பாடுகளைப் பின்னர்க் காணலாம்.

வெறுங்காலுடன் நடப்போரின் பாதத்தில் நாளடைவில் காய்ப்பு ஏறும். அக்காய்ப்பு உணர்ச்சியை மழுக்கிவிடும் என்று கருதுவது உண்டு. கென்யாவிலும் அமெரிக்காவிலும் வாழ்வோரின் பாதங்களை ஒப்பிட்டு 2019இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, காய்ப்புத் தடித்திருந்தாலும் தரையை உணரும் திறன் குறைவதில்லை என்று காட்டியது. காலணி நீத்த துறவியின் பாதம் தரையை அறிந்தே நடக்கின்றது என்பதற்கு இது துணையாகும்.

நிலவில் நடந்த நடை

உறையூருக்குத் தெற்கே நிலம் மாறுகின்றது. சோலையும் வயலும் முடிந்து பரலும் வெப்பமும் மிக்க பாலைவழி தொடங்குகின்றது. அங்கே கண்ணகியின் சிற்றடிகள் சிவந்தன; மூச்சு இரைத்தது; ஐயை கோட்டத்தின் ஒரு புறத்தில் அவர்கள் இளைப்பாறினர். அப்போது கோவலன் கவுந்தி அடிகளிடம் ஒரு வேண்டுகோள் வைத்தான். வேனிற் கதிரை இவள் பொறுக்கமாட்டாள். பரல்வழியில் இவளுடைய அடிகள் படியமாட்டா. பாண்டியன் காக்கும் இந்நாட்டில் கொடுவிலங்குகளும் தீங்கு செய்யா. ஆதலால் இரவில் நடப்பதில் குற்றமில்லை என்பது அவ்வேண்டுகோள்.

பகலில் நடத்தல் துறவியின் விதி. கோவலனின் வேண்டுகோளோ கண்ணகியின் அடி நோவைத் தீர்ப்பது. இவ்விரண்டும் மோதும் இடத்தை இளங்கோவடிகள் நுட்பமாகக் கையாள்கின்றார். பல உயிர்களையும் பேணுவதில் பகலொளியினும் சிறந்தது நிலவொளி என்னும் கருத்து அங்கே வருகின்றது. மூத்தோராகிய அடிகளும் அதற்கு இசைந்தார். கதிரவன் மறைந்து நிலவு எழும்வரை காத்திருந்து, பின்னரே மூவரும் புறப்பட்டனர். கோவலன் கண்ணகியின் கையைத் தன் தோளில் தாங்கி நடந்தான். அடிகள் கூறிய அறவுரைகளைக் கேட்டவாறே அவ்வரிய வழியைக் கடந்தனர்.

உயிர் ஓம்புதலே விதியின் உட்பொருள் என்பதை உணர்ந்தவர், அவ்வுட்பொருளுக்கு ஊறு நேராத வகையில் தளர்ந்த ஒருவரின் பாதத்துக்காக விதியின் வடிவத்தைச் சற்றே தளர்த்தினார். பின்னர் மதுரையின் புறஞ்சேரியில் மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைத்தபோதும் அவர் அப்பாதங்களைப் பற்றிக் கூறினார். இதற்குமுன் நிலமகள் கண்டறியாத பாதங்கள் இவை என்றும், தன் துயரை எண்ணாது கணவனின் துயருக்கே வருந்தியவள் இவள் என்றும் உரைத்தார். மதுரையில் நேர்ந்த கொடுமையைக் கேட்டபின் அவர் உண்ணாநோன்பு கொண்டு உயிர்நீத்தார் என்பதை வஞ்சிக் காண்டத்தில் மாடலன் கூற்றால் அறிகின்றோம்.

வணிகர் அமைத்த கற்படுக்கைகள்

ஒரு காவதம் நடந்து ஓய்வது என்றால், ஓய்வதற்கு ஓரிடம் வேண்டும். அவ்விடத்தைத் தந்தவர்கள் இல்லறத்தார். மதுரையைச் சூழ்ந்த மாங்குளம், அழகர்மலை முதலிய குன்றுகளில் சமணத் துறவியர்க்கென வெட்டப்பட்ட கற்படுக்கைகளும் அவற்றின் அருகே தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் உள்ளன. மாங்குளத்துக் கல்வெட்டுகள் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கருதப்படுகின்றன. நெடுஞ்செழியன் காலத்தில் கணிநந்தன் என்னும் துறவிக்கு அளித்த கொடையை அவை குறிக்கின்றன. அழகர்மலைக் கல்வெட்டுகளில் உப்பு வணிகர், அறுவை வணிகர், கொழு வணிகர், பாணித வணிகர் ஆகியோர் கொடையாளராக இடம்பெறுகின்றனர். கரூருக்கு அருகே புகழூரிலும் பொன் வணிகர் ஒருவரின் கொடை பதிவாகியுள்ளது.

துணி விற்றவர், ஏர்க்கொழு விற்றவர், வெல்லப்பாகு விற்றவர் ஆகிய இவர்களும் வழிநடந்து பிழைத்தவர்களே. உப்பு கடற்கரையில் விளைந்து உள்நாட்டுக்குச் சென்ற பண்டம். அதனை விற்றவர் நெடுவழியை நன்கு அறிந்திருப்பர். அடி நோவு எத்தகையது என்பதை உணர்ந்தவர்கள், தம்மைப் போல் வண்டியோ பொதிமாடோ இல்லாமல் நடந்து வருவோருக்குப் பாறையில் படுக்கை வெட்டித் தந்தனர். கோடையிலும் குகையின் நிழலில் கல் குளிர்ந்திருக்கும். நடையின் வெப்பத்தைக் குறைத்த ஏற்பாடு இதுவே.

மலையில்லாத கடைமடைப் பகுதியில் இத்தொண்டு பள்ளிகளாகவும் கோயில்களாகவும் அமைந்தது. காரைக்காலுக்கு மேற்கே உள்நாட்டில், குடவாசல் வட்டாரத்துத் தீபங்குடியில் ஆதிநாதர் ஆலயம் உள்ளது. கலிங்கத்துப்பரணி பாடிய சயங்கொண்டார் அவ்வூரினர் என்பது மரபு. மன்னார்குடியில் மல்லிநாதர், கும்பகோணத்தில் சந்திரப்பிரபர், தஞ்சைக் கரந்தையில் ஆதீசுவரர் என ஆலயங்கள் தொடர்கின்றன. கடற்கரையிலிருந்து தஞ்சை வரை நடந்து செல்லும் துறவி ஒருவருக்கு இவை வழிபடும் இடங்களாகவும் தங்கும் இடங்களாகவும் பயன்படத்தக்கவை.

மழைக்காலத் தங்கல்

நான்காவதாக எஞ்சியது ஈரம். ஆடி முதல் கார்த்திகை வரை துறவியர் ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாச நோன்பு, முளைக்கும் புல்லுக்கும் ஊரும் சிற்றுயிர்க்கும் தீங்கு நேராதிருக்க ஏற்பட்டது. காவிரிக் கடைமடையில் இதன் பொருத்தம் மிகத் தெளிவு. ஆடியில் புதுவெள்ளம் வாய்க்கால்களில் பாயும். மேட்டூர் அணை 1934இல் கட்டிமுடிந்த பின்னர் ஜூன் 12 அணை திறக்கும் வழக்க நாளாயிற்று. அரசலாறும் அதன் கிளைகளும் நிறைந்து, வயல்கள் உழுது சேறாகி, நடவு தொடங்கும். வரப்புகள் வழுக்கும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை கொட்டும்.

இக்காலத்தில் சேற்றில் நடப்போருக்கு வருவது சேற்றுப்புண். விரலிடுக்கில் தோல் வெளுத்து ஊறி, அரிப்பெடுத்து, வெடித்து, பூஞ்சைத் தொற்று ஏறி, அடியெடுத்து வைக்கவும் இயலாதபடி செய்யும். நாற்று நடும் பெண்களுக்கு இது ஆண்டுதோறும் வரும் துன்பம். மருதாணி இலையை அரைத்து விரலிடுக்கில் அப்புவதும், மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுவதும் இப்பகுதியின் வழக்கம். எல்லாவற்றினும் முதன்மையானது காலைக் கழுவி, விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்து உலரவிடுதல். மருந்து பூச விரும்பாத துறவிக்கு, சேற்றில் இறங்காமல் நான்கு மாதம் தங்குவதே தக்க காப்பாயிற்று. எட்டு மாத நடையில் தேய்ந்த பாதம் ஆறுவதற்கும் அத்தங்கல் காலம் தந்தது.

உப்பு நோக்கிய நடை

அளவறிந்த நடையின் வலிமையை இந்தியா கண்டது 1930இல். காந்தியடிகள் சபர்மதியிலிருந்து மார்ச் 12ஆம் நாள் புறப்பட்டு, ஏறத்தாழ 385 கிலோமீட்டர் நடந்து, ஏப்ரல் 5ஆம் நாள் தண்டியை அடைந்தார். நாளொன்றுக்குச் சராசரி 16 கிலோமீட்டர். நண்பகல் வெயிலைத் தவிர்த்துக் காலையிலும் மாலையிலும் நடந்து, இடையில் ஊரார் தந்த நிழலில் தங்கினர். அதனைத் தொடர்ந்து இராசகோபாலாச்சாரியார் ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களுடன் புறப்பட்டு, தஞ்சை மண்ணின் ஊர்கள் வழியாக ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நடந்து, 28ஆம் நாள் வேதாரண்யம் சேர்ந்தார். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்குத் தெற்கே, அதே கடற்கரையில் உள்ள ஊர் அது. தொண்டர்களுக்கு உணவளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று ஆட்சியாளர் எச்சரித்தும், தஞ்சை மக்கள் உணவும் உறைவிடமும் தந்தனர். கவுந்தி அடிகள் காலத்து விருந்தோம்பல் வற்றிவிடவில்லை என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்று.

ஏறத்தாழ அதே காலத்தில், 1920களின் இறுதியில், ஆசாரிய சாந்திசாகரர் தென்னகத்திலிருந்து சம்மேத சிகரம் வரை வெறுங்காலுடன் நடந்து, பல தலைமுறைகளாக அருகியிருந்த திகம்பர முனிவர் விகாரத்தை வடநாட்டில் மீண்டும் நிலைநாட்டினார். சிற்றூர்தோறும் சாவகர்கள் எதிர்கொண்டு ஆகாரதானம் அளித்ததாலேயே அந்நெடு நடை இயன்றது.

இன்றைய தார்ச்சாலை

இன்று வழி மாறிவிட்டது. மண்பாதை தார்ச்சாலையாயிற்று. சித்திரை, வைகாசி மாதங்களின் நண்பகலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 பாகை செல்சியஸ் வரை சூடேறக்கூடும். அவ்வெப்பம் வெறுங்காலைச் சிறிது நேரத்திலேயே சுட்டுவிடும். அதற்கு அஞ்சி இருள் பிரியுமுன் புறப்பட்டால், விரைந்து வரும் ஊர்திகளால் உயிருக்கே இடர். நெடுஞ்சாலைகளில் நடந்து சென்ற துறவியர் விபத்துக்குள்ளான துயரச் செய்திகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்துள்ளன. திகம்பரத் துறவியர் நாளில் ஒருமுறையே உணவும் நீரும் கொள்பவர். வழியில் தாகம் எடுத்தாலும் பருகமாட்டார். தங்கலிடம் ஒரு காவதத்தில் இல்லாமல் மூன்று காவதத்தில் இருந்தால், எஞ்சிய இரண்டு காவதமும் வெயிலில் அல்லது இருளில் நடக்கவேண்டியதாகும். பாத நோவு அங்கிருந்தே தொடங்குகின்றது.

காரைக்கால் மக்கள் ஆண்டுதோறும் ஆவணி மாதத்தில் இதன் மறுபக்கத்தைக் காண்கின்றனர். ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நிகழும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் நடந்து வருவோர் இவ்வூர் வழியே தெற்கு நோக்கிச் செல்கின்றனர். வழிநெடுகத் தண்ணீரும் உணவும் நிழலும் தந்து உதவுவோர் உளர். சமயம் வேறாயினும் வழிநடப்போரின் பாதம் ஒன்றே. அதற்கு வேண்டுவனவும் அவையே.

இல்லறத்தாருக்கு வெறுங்கால் நடை கட்டாய நோன்பன்று. பொன்னூர் மலையில் குந்தகுந்தர் திருவடிகளைத் தொழவோ, தீபங்குடிக்கு நடந்து செல்லவோ விரும்பும் குடும்பத்தினர், சில வாரங்களுக்கு முன்பே சிறு தொலைவில் தொடங்கி நடையைப் படிப்படியாகக் கூட்டவேண்டும். புதிய காலணியை நெடுவழிக்கு அணியலாகாது. உறுத்தல் தோன்றிய உடனே நின்று பார்க்கவேண்டும்; கொப்புளம் எழுந்தால் அதன் மேல்தோலை உரிக்கலாகாது. நீரிழிவு உடையோருக்குப் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கலாம். முள் தைத்தாலும் சூடு பட்டாலும் தெரியாது. அவர்கள் மருத்துவரைக் கலந்த பின்னரே நடக்கவேண்டும். வெறுங்காலுடன் நடத்தல் கூடாது. ஒவ்வொரு தங்கலிலும் பாதத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்ளவேண்டும்.

திருவடியும் தங்கலும்

திருக்குறளின் கடவுள் வாழ்த்து அதிகாரத்தில் பத்துக் குறள்களுள் ஏழு, தாள் என்றோ அடி என்றோ இறைவனின் பாதத்தையே குறிக்கின்றன. கேவல ஞானம் எய்திய தீர்த்தங்கரர் மலரின்மேல் நடந்தார் என்பது ஆகம வழக்கு. அம்மலர் நடைக்கு முன்னர் அவர்களும் மண்ணில் நடந்தவர்களே.

ஆதிநாதர் துறவு பூண்டு ஆறு மாதம் யோகத்தில் நின்றபின் ஆகாரத்திற்காக ஊரூராக நடந்தார் என்று ஆதிபுராணம் கூறுகின்றது. துறவிக்கு எவ்வாறு தானம் செய்வது என்பதை அக்கால மக்கள் அறியார். அன்பின் மிகுதியால் மணிகளையும் யானைகளையும் ஊர்திகளையும் கொண்டுவந்து முன்னே நிறுத்தினர். பகவான் அவற்றைக் கொள்ளாது நடந்தார். மாதங்கள் பல கடந்தபின் அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் முற்பிறப்பை நினைவுகூர்ந்து, முறையறிந்து, கருப்பஞ்சாற்றை அவர் கைகளில் வார்த்தான். அந்நாளே அட்சய திருதியை எனப் போற்றப்படுகின்றது.

அம்மக்களிடம் அன்புக்குக் குறைவில்லை. நடப்பவருக்கு எது வேண்டும் என்னும் அறிவே குறைவாக இருந்தது. ஆறு அகத்தவங்களுள் ஒன்றாகிய வையாவிருத்தியம், தளர்ந்த துறவியின் பாதம் பிடிப்பதையும் உள்ளடக்கியது. அதனினும் முன்னதாகச் செய்யத்தக்க தொண்டு, பாதம் தளராதபடி ஒரு காவதத்தில் ஒரு தூய அறையும், காய்ச்சி ஆறிய நீரும், முறையறிந்த ஓர் இல்லமும் அமைத்து வைப்பது. கடைமடை ஊர்களில் சாவகர் குடும்பங்கள் குறைந்துவரும் இக்காலத்தில், ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் பெயரும்போது வழியில் ஒரு தங்கலிடமும் மறைகின்றது. அழகர்மலையின் உப்பு வணிகர் தம் பொருளில் ஒரு பகுதியைப் பாறைப் படுக்கைக்குச் செலவிட்டார். ஊரில் எஞ்சிய குடும்பங்கள் பூட்டிக் கிடக்கும் தம் முன்னோர் இல்லத்தில் ஓர் அறையைத் தூய்மை செய்து வைத்தாலே, அடுத்து அவ்வழி நடந்து வரும் அடிகள் நோவின்றி அன்றைய காவதத்தை முடிக்கும்.